கடலோரத்துப் பாலை

நுழையும்முன்

மழை குறைந்தால் வறட்சி என்பது பொதுவான எண்ணம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னைக்குத் தொடர்வண்டியில் குடிநீர் வர நேர்ந்தது ஏன்? காற்றின் திசை, கடலின் வெப்பம், நிலத்தின் சரிவு, மணலின் தன்மை ஆகியவை ஒன்றுகூடி ஒரு வட்டாரத்தின் வறட்சிக்கு உருவம் கொடுக்கின்றன. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைக் கடற்கரையை முன்வைத்து அவ்வுருவத்தை விளக்குகிறது இப்பாடம்.

2019ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்ட சரக்குத் தொடர்வண்டி ஒன்று சென்னை வில்லிவாக்கத்தை வந்தடைந்தது. அதன் ஐம்பது பெட்டிகளிலும் இருந்தது காவிரி நீர். மொத்தம் 25 இலட்சம் லிட்டர். இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து வந்த அந்நீர் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் தூய்மை செய்யப்பட்டு நகருக்கு வழங்கப்பட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அப்போது ஏறக்குறைய முற்றிலும் வறண்டிருந்தன. நகரின் அன்றாட நீர் வழங்கல் 83 கோடி லிட்டரிலிருந்து ஏறத்தாழ 52 கோடி லிட்டராகக் குறைக்கப்பட்டிருந்தது. இவ்வெண்களை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு தொடர்வண்டி கொண்டுவந்த நீர் அப்பெருநகரின் ஏழு நிமிடத் தேவைக்குக்கூடப் போதாது என்பது விளங்கும்.

அதே நாளில் இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் தெருமுனைகளில் வண்ணக் குடங்கள் வரிசையாகக் காத்திருந்தன. தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதை ஒட்டியே வீடுகளில் உறக்கமும் சமையலும் வேலையும் அமைந்தன. தெருவின் கிழக்கு முனையில் நின்று பார்த்தால் வங்கக்கடல் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை விரிந்து கிடந்தது. கடலோரத்தில், அதுவும் மழைவளம் மிக்க கடலோரத்தில் வறட்சி எவ்வாறு தோன்றுகிறது என்னும் வினாவுக்கு விடை காண, முதலில் வறட்சி என்னும் சொல்லையே சற்று ஆராய வேண்டும்.

திணை கூறும் உண்மை

பண்டைத் தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்தனர். இவற்றுள் பாலைக்கு மட்டும் நிலையான இடம் இல்லை. முல்லை நிலமும் குறிஞ்சி நிலமும் தம் இயல்பு கெடும்போது பாலையின் வடிவை அடைகின்றன என்னும் கருத்தைச் சிலப்பதிகாரம் பதிவு செய்துள்ளது. பாலை என்பது ஓர் இடத்தின் பெயராக இருப்பதைவிட, இடத்துக்கு நேரும் ஒரு நிலையின் பெயராகவே அமைந்துள்ளது. இக்கால அறிவியலும் இதற்கு நெருக்கமாகவே வந்து நிற்கிறது. பாலைவனம் என்பது நிலையான தட்பவெப்பம். வறட்சி என்பது இயல்பிலிருந்து நேரும் வழுவல். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் 200 மில்லிமீட்டர் பெய்தால் அது வறட்சியாகாது. 1,400 மில்லிமீட்டர் பெறும் ஊரில் 700 மில்லிமீட்டர் பெய்தால் அது வறட்சி.

இந்திய வானிலை ஆய்வுத்துறை, ஒரு பகுதியின் மழை இயல்பான அளவைவிட 26 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தால் அதனை மிதமான வறட்சி என்றும், 50 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் கடும் வறட்சி என்றும் வகுத்துள்ளது. இது வானிலை வறட்சி. மழைக்குறைவால் மண்ணின் ஈரம் வற்றிப் பயிர் வாடுவது வேளாண் வறட்சி. ஆறும் ஏரியும் நிலத்தடி நீரும் வற்றுவது நீரியல் வறட்சி. இவை மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை. ஒரே நேரத்தில் முடிவதும் இல்லை. வடசென்னையைப் பொறுத்தவரை, இறுதியாகச் சொல்லப்பட்ட நீரியல் வறட்சியே முதன்மையானது. மழை திரும்பிய பிறகும் நீங்காத வறட்சி இங்கு உண்டு.

மூன்று மாதக் கொடை

இந்தியாவின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெறுகிறது. அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் அக்காற்றை மேற்குத்தொடர்ச்சி மலை தடுத்து உயர்த்துகிறது. மேலெழுந்து குளிர்ந்த காற்று தன் ஈரத்தைக் கேரளத்தின் மீதே பெரிதும் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று வெப்பமும் வறட்சியும் உடையது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி இம்மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. ஆயினும் சென்னை அக்காலத்தில் முற்றிலும் வறண்டிருப்பதில்லை. பகலில் சூடேறும் நிலத்தை நோக்கிக் கடற்காற்று நுழைகிறது; மேற்கிலிருந்து வரும் வெப்பக் காற்றை அது எதிர்கொள்ளும் கோட்டில் மேகங்கள் திரண்டு, மாலையிலோ இரவிலோ இடியுடன் மழை பெய்கிறது. இவ்வெப்பச்சலன மழை ஒரு தெருவை நனைத்து அடுத்த தெருவை விட்டுவிடும் இயல்பினது. அதனை நம்பி ஏரி நிரம்புவதில்லை.

ஏரியை நிரப்புவது வடகிழக்குப் பருவமழை. சென்னையின் ஆண்டு மழையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் கிடைக்கிறது. பருவக்காற்று திசை திரும்பி வடகிழக்கிலிருந்து வீசும்போது, வங்கக்கடலின் மேல் பயணம் செய்து ஈரத்தைத் திரட்டிக்கொள்கிறது. ஆனால், கடற்கரையை ஒட்டி அக்காற்றைத் தடுத்து மேலே உயர்த்தும் மலைத்தொடர் சென்னையில் இல்லை. எனவே காற்றைத் திரட்டி உயர்த்தும் பணியைக் காற்றழுத்தத் தாழ்வுநிலைகளும் புயல்களும் செய்ய வேண்டியுள்ளது. ஒரு பருவத்தில் இத்தகைய அமைப்புகள் சில மட்டுமே உருவாகின்றன. அவற்றுள் இரண்டு வழிதவறிச் சென்றாலும் நகரின் ஓராண்டு நீர்க்கணக்கு மாறிவிடும்.

2018ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதுவே. நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் தெற்கே வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து காவிரிப் படுகையைச் சிதைத்தது. டிசம்பரில் உருவான பெய்ட்டி புயல் சென்னைக்கு நேர் கிழக்கே வந்தும், வடக்கு நோக்கித் திரும்பி ஆந்திரக் கடற்கரையை அடைந்தது. சென்னைக்குக் கிடைத்தது பலத்த காற்றும் மேகமூட்டமுமே. அப்பருவத்தில் நகரம் பெற்ற மழை, இயல்பான அளவில் பாதிக்கும் குறைவு. 2019இன் குடவரிசைகள் உண்மையில் 2018 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டன எனலாம்.

புயல் நேராக வந்தால் வறட்சி நீங்கிவிடும் என்றும் கொள்ள இயலாது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னை அருகே கரையேறி ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியது. ஆயினும் அவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுமைக்கும் 62 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காணாத குறைவு அது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு வறட்சி பாதித்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பொருந்தும். இலண்டன் மாநகரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே பெறுகிறது. சென்னையின் மழையில் பாதிகூட இல்லை. ஆனால், அது பன்னிரண்டு மாதங்களுக்கும் பகிர்ந்து பெய்கிறது. குறைந்த வெப்பத்தால் ஆவியாதலும் குறைவு. சென்னையிலோ மழைநாள்கள் ஓர் ஆண்டில் ஏறத்தாழ அறுபதுக்குள் அடங்கிவிடுகின்றன. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் நமக்கு இன்னும் நெருங்கிய உறவு. அதுவும் ஒரு துறைமுகம். ஒரே பருவத்தின் மழையை நம்பியிருப்பது. தொடர்ந்து சில ஆண்டுகள் குளிர்கால மழை பொய்த்ததால், 2018இல் குழாய்களை முற்றிலும் அடைக்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்தது அந்நகரம்.

தொலைகடலின் கை

வங்கக்கடலில் புயல் உருவாவதும் திரும்புவதும் வங்கக்கடலால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் மேற்பரப்பு நீர் வழக்கத்தைவிட வெப்பமடைவது எல் நினோ எனவும், குளிர்வது லா நினா எனவும் வழங்கப்படுகின்றன. எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் நலிவடைகிறது. ஆனால், தமிழகக் கடற்கரையின் வடகிழக்குப் பருவமழையோ அவ்வாண்டுகளில் பல முறை வலுப்பெறுகிறது. நாட்டின் பெரும்பகுதிக்குப் பகையாவது இக்கரைக்குத் துணையாகும் விந்தை இது. 2015இல் வலுவான எல் நினோ நிலவியது. அவ்வாண்டு நவம்பரிலும் டிசம்பர் முதல் நாளிலும் பெய்த மழையில் சென்னை மூழ்கியது. அடுத்த ஆண்டு பசிபிக் குளிர்ந்தது, மழை பொய்த்தது.

எனினும் இதனை மாறா விதியாகக் கொள்ளலாகாது. 2021 லா நினா ஆண்டாக இருந்தும் சென்னையில் பெருமழை பெய்தது. 2018இன் இறுதியில் பசிபிக் வெப்பமடைந்திருந்தும் மழை ஏமாற்றியது. இந்தியப் பெருங்கடலின் மேற்கு, கிழக்குப் பகுதிகளிடையே நிலவும் வெப்ப வேறுபாடு முதலிய பிற காரணிகளும் இதில் பங்கேற்கின்றன. வானிலை அறிஞர் நிகழ்தகவு என்னும் சொல்லைப் பயன்படுத்துவது இதனால்தான்.

தொலைகடலின் இக்கை எவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதை 1876ஆம் ஆண்டு தொடங்கிய பஞ்சம் காட்டியது. தமிழ் ஆண்டின் பெயரால் தாது வருடப் பஞ்சம் என மக்கள் அதனை நினைவில் வைத்தனர். 1876க்கும் 1879க்கும் இடையில் தென்னிந்தியா, வட சீனா, பிரேசிலின் வடகிழக்குப் பகுதி ஆகிய மூன்றும் வறட்சியில் வாடின. 1877-78இல் நிலவிய எல் நினோ மிக வலுவானது எனப் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. இந்தியாவில் மட்டும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வானம் பொய்த்தது இயற்கை. ஆனால், இவ்வளவு உயிர்கள் போனமைக்கு இயற்கையை மட்டும் குறை கூற இயலாது. பஞ்ச ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. நிவாரணப் பணிகளில் உழைத்தோருக்குத் தரப்பட்ட கூலியும் உணவும் உயிரைத் தக்கவைக்கவே போதாதவை எனக் கண்டிக்கப்பட்டன.

அக்காலப் பஞ்சங்களின் அடையாளங்கள் வடசென்னையில் இன்றும் உள்ளன. 1782ஆம் ஆண்டளவில் போராலும் பஞ்சத்தாலும் ஊரிழந்து வந்தோருக்குக் கஞ்சி வார்க்க இராயபுரம் பகுதியில் ஒரு சத்திரம் அமைந்தது. மணியக்காரர் சத்திரம் என வழங்கிய அதனை மக்கள் கஞ்சித்தொட்டி என்றனர். பசித்தோரைத் தொடர்ந்து நோயுற்றோரும் வந்தனர். சத்திரத்தை ஒட்டி மருத்துவமனை வளர்ந்தது. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. முதியோர் சிலரிடம் ‘கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி’ என்னும் பெயரை இப்போதும் கேட்கலாம். எண்ணூர் வழியாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயிலும் பஞ்சத்தின் தடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையில் வெட்டத் தொடங்கப்பட்ட அக்கால்வாயில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது.

உள்நாட்டு வறட்சி அக்காலத்தில் துறைமுகத்தை நோக்கி நடந்து வந்தது. தானியம் கப்பலில் வந்திறங்கும் இடம் என்பதால், பசித்தவர்கள் அங்கு வந்து சேர்ந்தனர். இக்கால வறட்சியோ துறைமுகப் பகுதியின் தரைக்கு அடியிலேயே தோன்றுகிறது. அதனை அறிய நிலத்தைப் பார்க்க வேண்டும்.

தட்டை நிலமும் அகன்ற ஏரியும்

நகரி ஆறு உள்ளிட்ட துணையாறுகளின் நீரையும் காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீரையும் பெற்றுக் கிழக்கு நோக்கி வரும் கொசஸ்தலையாறு, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. கொற்றலையாறு என்பதும் அதன் பெயரே. ஆண்டின் பெரும்பகுதி இது மணற்படுகை மட்டுமே. பனிமலையில் பிறக்கும் ஆறுகளுக்குக் கோடையில் பனி உருகி நீர் தரும்; குறைந்த உயரமுள்ள குன்றுகளில் பிறக்கும் இவ்வாற்றுக்கு மழையைத் தவிர வேறு தாய் இல்லை.

திருவள்ளூர்ச் சமவெளி மிக மெல்லிய சரிவுடையது. ஆழமான பள்ளத்தாக்கு இல்லாத இந்நிலத்தில் உயரமான அணை கட்ட இயலாது. எனவே முன்னோர் நீண்ட கரை எழுப்பி, அகன்ற, ஆழம் குறைந்த ஏரிகளை அமைத்தனர். புழல் ஏரியிலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரும் திட்டம் 1872இல் செயற்பாட்டுக்கு வந்தது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டப்பட்டது. அகன்ற நீர்ப்பரப்பு கதிரவனுக்குத் தன்னை முழுவதும் திறந்து காட்டுகிறது. கோடையில் நகரம் குடிப்பது ஒரு பங்கு என்றால், வெயிலும் தன் பங்கைக் கேட்கிறது. ஓர் ஆண்டில் ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்து நீர் இங்கு ஆவியாகக்கூடியது.

தெரிந்து தெளிவோம்

2019இல் சென்னைக்கு நீர் வழங்கிய நான்கு ஏரிகளின் கொள்ளளவு (மில்லியன் கன அடியில்): பூண்டி 3,231; சோழவரம் 1,081; புழல் 3,300; செம்பரம்பாக்கம் 3,645. மொத்தம் 11,257 மில்லியன் கன அடி. அதாவது ஏறத்தாழ 31,900 கோடி லிட்டர். நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் வீதம் ஓராண்டுக்குத் தேவையான நீர் ஏறத்தாழ 30,300 கோடி லிட்டர்.

மேலுள்ள கணக்கு வறட்சியின் இலக்கணத்தையே உணர்த்துகிறது. நான்கு ஏரிகளும் ததும்பி வழிந்தாலும், அவற்றில் இருப்பது ஓராண்டு நீரே. ஆவியாவதைக் கழித்தால் அதுவும் இல்லை. நல்ல ஆண்டின் மிச்சத்தைத் தீய ஆண்டுக்குச் சேமித்து வைக்க இடமில்லை. 2015இன் வெள்ளம் கடலுக்குச் சென்றது. 2016இன் பஞ்சத்துக்கு அது உதவவில்லை. 2019இல் வறண்ட அதே கொசஸ்தலையாறு 2021 நவம்பரில் பெருக்கெடுத்து மணலி புதுநகரை மூழ்கடித்தது. வெள்ளமும் வறட்சியும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், இந்நிலத்தில் அவை ஒரே சரிவின் இரு விளைவுகள். மேட்டுப்பகுதியில் தேங்காத நீர் தாழ்பகுதியில் வெள்ளமாகிறது. வெள்ளமாகக் கடலுக்கு ஓடிய நீர் கோடையில் கிணற்றில் இல்லாமல் போகிறது.

நகரம் தொலைவிலிருந்து நீர் பெறுவதும் இதனாலேயே. ஆந்திரத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து கிருஷ்ணா நீரைப் பூண்டிக்குக் கொண்டுவரும் ஒப்பந்தம் 1983இல் கையெழுத்தாகி, 1996இல் நீர் தமிழ்நாட்டை எட்டியது. 2004 முதல் வீராணம் ஏரியின் நீர் 235 கிலோமீட்டர் குழாய்வழியே வருகிறது. தென்மேற்குப் பருவமழையால் நிரம்பும் கிருஷ்ணாவும் காவிரியும், வடகிழக்குப் பருவமழை பொய்க்கும் ஆண்டில் கைகொடுக்கும் என்பது இத்திட்டங்களின் அடிப்படை. இரு பருவமழைகளும் சேர்ந்து பொய்க்கும் ஆண்டில் அக்கை நீள்வதில்லை.

மணலுக்கடியில் மிதக்கும் நீர்

வடசென்னைக் கடற்கரையின் மண் மணற்பாங்கானது. மழைநீர் இம்மணலில் விரைந்து இறங்குகிறது. கடலுக்கு மிக அருகில் தோண்டினாலும் இனிய நீர் ஊறும் வியப்பு இக்கரைக்குப் புதிதன்று. 1772இல் கோட்டைக்கு நீர் வழங்கத் தோண்டப்பட்ட கிணறுகளின் பெயரால் அமைந்த ஏழுகிணறு என்னும் பகுதி, கடலிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது.

உவர்க்கடலின் அருகில் நன்னீர் எவ்வாறு நிலைபெறுகிறது? கடல்நீர் நன்னீரைவிட அடர்த்தி மிக்கது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீருக்கு 1.025. எனவே மணலுக்கடியில் நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த பாடன் கைபன் என்பவரும் செருமனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பெர்க் என்பவரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே இதற்கு ஒரு கணக்கை வகுத்தனர். நிலத்தடி நன்னீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பதே அது. ஒரு பங்கு மேலே, நாற்பது பங்கு கீழே.

இக்கணக்கின் மறுபக்கம் அச்சம் தருவது. கிணற்றில் நீர்மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால், கீழே உவர்நீர் நாற்பது மீட்டர் உயரத் தலைப்படுகிறது. மேலே நின்று பார்ப்பவர் ஒரு மீட்டரை மட்டுமே காண்கிறார். மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக அமைந்த உண்மை நிலத்தில் இக்கணக்கு அப்படியே நடப்பதில்லை. ஆயினும் போக்கு இதுவே. வறட்சி ஆண்டில் மழை குறைவதால் நன்னீர் வில்லை மெலிகிறது. ஏரி வறண்டதால் மக்கள் ஆழ்துளைக் கிணறுகளை மேலும் இறைக்கின்றனர். மேலிருந்து வரவு நின்று, செலவு பெருகும் அந்நேரத்தில் கடல் உள்ளே நுழைகிறது.

மீஞ்சூர் கண்ட கடல்

இதனைத் தெளிவாகக் கண்ட ஊர் மீஞ்சூர். எண்ணூருக்கு வடமேற்கே, ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பன்னெடுங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணல் படிவுகள் சிறந்த நீர்த்தாங்கிகளாக அமைந்துள்ளன. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1960களின் பிற்பகுதியில் இங்கு நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களின் கிணற்றுப் புலங்களிலிருந்து நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுக்கப்பட்டது. அதே காலத்தில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை 1969இலும், உரத் தொழிற்சாலை 1971இலும் உற்பத்தியைத் தொடங்கின. எண்ணூரில் அனல் மின்நிலையம் எழுந்தது. உழவரின் பம்புசெட்டுகளும் பெருகின. யாவரும் ஒரே மணல் படிவிலிருந்து குடித்தனர்.

1969இல் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அளவில் இருந்த உவர்நீரின் எல்லை, 1980களில் 9 கிலோமீட்டர் அளவுக்கு நகர்ந்திருந்தது. பின்னர் அதையும் கடந்தது. அலை இல்லை, ஓசை இல்லை. நெல் வயலின் கீழே கடல் நடந்து வந்தது. கிணற்றுநீர் முதலில் சற்றே கரித்தது. பிறகு அந்நீரில் பருப்பு வேகவில்லை. அதன்பின் பயிரின் இலைநுனி கருகியது. நெய்தலின் நீர் மருதத்துக்குள் புகுந்து, அதனைப் பாலையாக்கியது எனத் திணைமொழியில் கூறலாம்.

மற்றொரு வட்டாரத்தின் வறட்சியிலிருந்து இவ்வட்டாரத்தின் வறட்சி வேறுபடும் இடம் இதுவே. இராமநாதபுரத்து உள்நாட்டுக் கண்மாய் ஒன்று வறண்டால், அடுத்த நல்ல மழையில் அது நிரம்பிவிடும். வறட்சியின் கணக்கு அத்துடன் முடியலாம். மீஞ்சூரின் மணல் துகள்களுக்கிடையே புகுந்த உப்பு ஒரு மழையில் வெளியேறுவதில்லை. அதனைத் தள்ளி வெளியேற்றப் பல ஆண்டுகள் தொடர்ந்து நன்னீர் இறங்க வேண்டும். அவ்வாண்டுகளில் இறைப்பும் குறைய வேண்டும். ஏரி நிரம்பிய செய்தியை நாளிதழ்கள் வெளியிடும் நாளில், கிணறு இன்னும் வறட்சியில் இருக்கிறது. நீர் இருந்தும் வறட்சி.

கரையின் வேறு சில மாற்றங்களும் இதனுடன் சேர்ந்துகொண்டன. 1875இல் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம், கடற்கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. இன்று அங்கு மணலுக்குப் பதிலாகக் கருங்கல் தடுப்புகள் நிற்கின்றன. மழைநீரைத் தாங்கும் மணற்கரை குறுகினால், அதனடியில் மிதக்கும் நன்னீர் வில்லையும் குறுகுமே. எண்ணூர்க் கழிமுகத்தின் சதுப்பு நிலங்களோ அனல் மின்நிலையச் சாம்பலாலும் கட்டுமானங்களாலும் சுருங்கின. வெள்ளத்தை வாங்கி மெல்ல விடுவிக்கும் இடம் அது. ஆற்றில் நீர்வரத்து நின்ற ஆண்டுகளில் முகத்துவாரத்தை மணல் அடைக்கிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடத்தில் வளரும் இறால் குறைகிறது. மழையை நேரடியாக நம்பாத தொழில் எனக் கருதப்படும் மீன்பிடித் தொழிலுக்கும் இவ்வாறு வறட்சி வந்து சேர்கிறது. கழிமுகத்து மீனவர் மழைக்காலத்தை உழவரைப் போலவே எதிர்நோக்குவது வெளியூரார் பலருக்குப் புதுச்செய்தியாக இருக்கலாம்.

உப்பைப் பிரித்தலும் கழிவை மீட்டலும்

மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீரை அது தரவல்லது. வடசென்னையின் பல பகுதிகள் அதனைப் பெறுகின்றன. தரைக்கு அடியில் கடல் புகுந்து கெடுத்த நீருக்கு ஈடாக, தரைக்கு மேல் கடலை உறிஞ்சி நன்னீர் எடுக்கும் நிலை இது. 2019இல் ஏரிகள் வறண்டபோது, மழையை நம்பாத நீர்வரத்தாக இருந்தவை இந்நிலையமும் நெம்மேலி நிலையமுமே. அவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும் சவ்வுகளின் வழியே கடல்நீரை அழுத்திச் செலுத்த மிகுந்த மின்னாற்றல் வேண்டும். எஞ்சும் அடர் உவர்நீர் மீண்டும் கடலுக்கே செல்கிறது. அதனருகில் வலை வீசுவோரின் கவலை இவ்விடத்தில் எழுகிறது.

தொழிற்சாலைகளின் நீர்த்தேவைக்கு வடசென்னை கண்ட வழி இதனினும் குறிப்பிடத்தக்கது. மணலியின் சுத்திகரிப்பாலையும் உரத் தொழிற்சாலையும் 1990களிலிருந்தே நகரின் கழிவுநீரைத் தூய்மை செய்து பயன்படுத்தி வருகின்றன. கொடுங்கையூரில் 2019 முதல், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் இயங்குகிறது. பருவக்காற்று பொய்க்கும், ஒரு பெருநகரின் கழிவுநீர் பொய்ப்பதில்லை. கொதிகலனுக்கும் குளிர்விக்கும் கோபுரத்துக்கும் அந்நீர் செல்லுமளவு, மணல் படிவின் நன்னீர் மிஞ்சுகிறது.

மழைநீர் சேகரிப்பு 2003இல் தமிழ்நாட்டின் கட்டடங்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது. களிமண் பகுதிகளைக் காட்டிலும் கடற்கரை மணலில் அது மிகுந்த பயன் தருவது. கூரையிலிருந்து இறங்கும் குழாய் ஒன்று மணலைத் தொட்டாலே போதும். நன்னீர்மட்டத்தைக் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயர்த்தினாலும், நாற்பது மடங்கு கணக்கு அப்போது மனிதரின் பக்கம் வேலை செய்யத் தொடங்குகிறது. கான்கிரீட் பூசிய முற்றங்களும் மூடிய தெருக்களும் பெருகிய திருவொற்றியூரில், மழை மணலைத் தொடும் இடங்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. உலகக் கடல்மட்டமோ ஆண்டுதோறும் மில்லிமீட்டர் கணக்கில் உயர்ந்து வருகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் கடந்த பத்தாண்டு மழையளவைத் திரட்டி, தென்மேற்கு, வடகிழக்குப் பருவங்கள் வாரியாக வரைபடம் வரைக. எந்த ஆண்டின் மழைக்குறைவு எந்த மாதத்தில் கிணற்றில் தெரிந்தது என்பதை வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டுக் குறிக்க.

2. கண்ணாடித் தொட்டி ஒன்றில் மணலை நிரப்பி, ஒருபுறம் வண்ணம் கலந்த உப்புநீரையும் மறுபுறம் நன்னீரையும் ஊற்றுக. நன்னீர்ப் பக்கத்தில் சிறு குழாயால் நீரை உறிஞ்சும்போது வண்ணநீரின் எல்லை நகர்வதைக் கண்டு எழுதுக.

3. ‘தண்ணீர் லாரி வரும் நேரம்’ ஒரு குடும்பத்தில் யாருடைய வேலையையும் படிப்பையும் மாற்றுகிறது? உரையாடி ஒரு பக்க அளவில் எழுதுக.

4. 2015இன் வெள்ளத்தில் ஒரு பகுதியையேனும் 2016க்குச் சேமித்திருக்க முடியுமா? பாடத்தில் உள்ள ஏரிக் கணக்கைக் கொண்டு வகுப்பில் வாதிடுக.